வீட்டில் செய்த தேக்குப் பெட்டியில் சின்ன கேமிங் கம்ப்யூட்டர்: யாங்கோன் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைப் பெட்டி வாங்காமல், மரத்தையும் அலுமினியத்தையும் வைத்துத் தாங்களே ஒரு சின்னப் பெட்டி செய்து, அதற்குள் கேமிங் கம்ப்யூட்டர் கட்ட நினைக்கும் பர்மாத் தமிழர்களுக்காக எழுதியது இது. வெளிநாட்டு வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை ஏசி அறையையும் நிற்காத கரண்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரின் வெயில், மழை, கரண்ட் மூன்றையும் கணக்கில் எடுத்தால் பதில்கள் பல இடங்களில் மாறிவிடும். கன அளவு 9 லிட்டருக்குள் அடங்கும் ஒரு பெட்டியை மாதிரியாக வைத்துக்கொண்டே கீழே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

எதற்கு இவ்வளவு சின்னதாக? சாதாரண டவர் கேஸ் போதாதா?

இடம் இருந்தால் தாராளமாகப் போதும். ஆனால் காளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பலர் இருப்பது பன்னிரண்டரை அடி அகலமும் ஐம்பது அடி நீளமும் கொண்ட ஃப்ளாட்டில். அந்த அகலத்தில் கட்டில், அலமாரி, சாமி மாடம் எல்லாம் போக ஒரு டவருக்குக் கிடைப்பது தரைதான். தூசி அதிகம் இருப்பதும் அங்கேதான். 9 லிட்டர் பெட்டி என்றால் மேசை மேல், மானிட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஏழாவது மாடி வரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஏறலாம். தெருவில் கரண்ட் இல்லாத நேரத்தில், கரண்ட் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

முதலில் எதை முடிவு செய்வது? பெட்டியின் அளவையா, பார்ட்ஸையா?

இரண்டையும் அல்ல. முதலில் வாட்டை முடிவு செய்யுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

கம்ப்யூட்டர் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் வருகிறது. கரண்ட் போனபின் அதே வாட் பேட்டரியிலிருந்து போகிறது. ஆக நமக்கு வாட் இரண்டு தடவை செலவு வைக்கிறது. பெட்டியைச் சின்னதாக்குவது அதற்கு அப்புறம்தான். குறைந்த வாட் பார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் சின்ன கூலர் போதும், சின்ன பவர் சப்ளை போதும், பெட்டியும் தானே சுருங்கும். அதிக வாட் பார்ட்ஸை வாங்கிவிட்டு, அதைச் சின்னப் பெட்டிக்குள் எப்படித் திணிப்பது என்று யோசிப்பவர்கள்தான் ஏப்ரலில் அவதிப்படுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டுக்கு 200 வாட். அதற்கு அடுத்த தலைமுறையில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். 1080பி திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம், இரண்டிலும் 8 ஜிபி நினைவகம். 85 வாட் வித்தியாசம் என்பது உங்கள் அறைக்குள் கூடுதலாக ஒரு பெரிய குண்டு பல்பு எரிவதற்குச் சமம்.

சரி, எந்த ப்ராசஸர், எந்த கார்டு?

என் தேர்வு: ஏஎம்டி ரைசன் 5 5600 அல்லது ரைசன் 5 7600, அதோடு ஆர்டிஎக்ஸ் 4060. இரண்டு ப்ராசஸருமே 65 வாட் வகை. முழு வேலையில் 88 வாட் வரை போகும், கேம் ஆடும்போது பெரும்பாலும் அதற்குக் கீழேயே நிற்கும். ப்ராசஸர், கார்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து சுமார் 250 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். விலையைப் பார்த்தால் இரண்டில் 5600 மலிவு.

மதர்போர்டு மினி-ஐடிஎக்ஸ் ஆக இருக்க வேண்டும். 170 × 170 மி.மீ. 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு இது, இன்றுவரை மாறவில்லை. அதனால் இன்று செய்யும் பெட்டி ஐந்து வருடம் கழித்து வாங்கும் போர்டுக்கும் பொருந்தும்.

கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் முடியுமா?

முடியும். 5600ஜி அல்லது 8600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸரை வாங்குங்கள். டோட்டா 2, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரியான ஆட்டங்களை அமைப்பைக் குறைத்து வைத்து ஆடலாம். ரேம் கட்டாயம் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். ஒற்றைக் குச்சி போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி விழும். பிறகு கார்டு போடும் எண்ணம் இருந்தால் பெட்டியை மட்டும் கார்டுக்கும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

பெட்டியின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

மாதிரிப் பெட்டியை வைத்துச் சொல்கிறேன். இது ‘சாண்ட்விச்’ அமைப்பு. நடுவில் ஓர் அலுமினியத் தகடு முதுகெலும்பாக நிற்கிறது. ஒரு பக்கம் மதர்போர்டும் பவர் சப்ளையும், மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு. இரண்டையும் ஒரு ரைசர் கேபிள் இணைக்கிறது. 7.2 லிட்டர் டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் பெட்டி மூலம் உலகம் முழுக்கப் பரவிய அமைப்பு இது. வீட்டில் செய்வதற்கும் இதுதான் எளிது, ஏனென்றால் எல்லாமே ஒரு தகட்டில் மாட்டப்படுகிறது, மரம் வெறும் சட்டம்தான்.

அகலத்தை மதர்போர்டு பக்கத்திலிருந்து கூட்டுவோம். போர்டைத் தாங்கும் ஸ்டேண்ட்-ஆஃப் 6.5 மி.மீ., போர்டின் தடிமன் 1.6, போர்டுக்கு மேல் ப்ராசஸரின் உயரம் சுமார் 8, கூலர் 47. மொத்தம் 63. கூலர் மூச்சு விட 5 மி.மீ. சேர்த்தால் 68. கார்டு பக்கத்தில் இரட்டை ஸ்லாட் கார்டு 40 மி.மீ. சொச்சம், அதன் முதுகுக்கும் நடுத் தகட்டுக்கும் நடுவே கொஞ்சம், ஃபேனுக்கு முன்னால் கொஞ்சம் என்று 55 போதும். நடுத் தகடு 3. ஆக உள் அகலம் 126 மி.மீ.

நீளத்துக்குப் போர்டு 170, எஸ்எஃப்எக்ஸ் எனும் சின்ன வகை பவர் சப்ளை 100, இரண்டுக்கும் நடுவே கேபிள் வளைய 40, கைச்சேதாரத்துக்கு 5. மொத்தம் 315. பவர் சப்ளையின் தடிமன் 63.5 மி.மீ. என்பதால் அந்த 68க்குள் சரியாக உட்கார்ந்துவிடும். உயரம் 190: போர்டுக்கு 170, மேலே கேபிள் ஓட 20. கார்டின் உயரம் 111 மி.மீ., அதன் பவர் கேபிள் வளைய ஒரு 40 வேண்டும், அதுவும் இதற்குள் அடங்கிவிடும்.

இனி சுவர். ஆறு பக்கமும் 9 மி.மீ. மரம் போட்டால் வெளி அளவு 144 × 333 × 208. கிட்டத்தட்ட 10 லிட்டர். உள்ளே இருப்பதோ ஏழரை லிட்டர்தான், மிச்சத்தை மரமே தின்றுவிடுகிறது. அதனால் மேல், கீழ், முன் மூன்றுக்கு மட்டும் மரம். இரண்டு பக்கத்துக்கும் பின்னாலும் 1 மி.மீ. தகடு. இப்போது வெளி அளவு 128 × 325 × 208, அதாவது சுமார் 8.7 லிட்டர். காற்றுப் போக்குக்கும் இதுவே நல்லது.

மரத்தில் கை வைப்பதற்கு முன் பழைய பார்சல் அட்டையில் இதே அளவுக்கு ஒரு பெட்டி வெட்டி ஒட்டி, கையில் இருக்கும் பார்ட்ஸை அதில் வைத்துப் பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கேபிள் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பது காகிதத்தில் தெரியாது, அட்டையில் தெரியும்.

போர்டுக்கான துளைகளை எங்கே போடுவது?

இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை அச்சடிக்கும்போது பிரிண்டர் அளவைச் சுருக்கிவிடலாம். உங்கள் போர்டையே தகட்டின் மேல் மெதுவாக வைத்து, நான்கு துளை வழியாகவும் கூர்மையான பென்சிலால் குறியுங்கள். பிறகு போர்டை வேறு அறையில் வைத்துவிட்டுத் துளையிடுங்கள். அலுமினியத் துகள் ஒன்று போர்டில் ஒட்டினாலும் ஷார்ட் ஆகும்.

எந்த கூலர்?

நாக்டுவா என்எச்-எல்9ஏ 37 மி.மீ., தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 47 மி.மீ. நம் வெயிலுக்கு அந்த 10 மி.மீ. கூடுதல் உயரம் நிச்சயம் வேண்டும், நான் இரண்டாவதையே சொல்வேன். 5600 உடன் பெட்டியில் வரும் கூலர் 54 மி.மீ. அதையே போட நினைத்தால் பெட்டியை 7 மி.மீ. அகலமாக்குங்கள், ஒரு கூலரின் காசு மிச்சம்.

தேக்கு வேண்டுமா, ப்ளைவுட் போதுமா?

செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்குப் போன மரம் இங்கேயே விளையும்போது, தேக்கில் செய்ய ஆசை வருவது நியாயம்தான். பெட்டிக்குத் தேவையானது மிகக் கொஞ்சம். கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் மிச்சத்துண்டுகளைக் கேளுங்கள். 208 மி.மீ. முன்பலகைக்கும், 316 மி.மீ. நீள மேல் கீழ் பலகைகளுக்கும் அந்தத் துண்டுகளே போதும்.

தேக்கின் பெரிய குணம், ஈரத்துக்கு அதிகம் உப்பாது, வறட்சிக்கு அதிகம் சுருங்காது. யாங்கோன் மழைக்காலத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அதில் எண்ணெய் இருக்கிறது, அதனால் மரப்பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முகத்தை அசிட்டோனோ தின்னரோ தொட்ட துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்டுங்கள். நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். இன்னொன்று, தேக்கில் மணல்சத்து உண்டு, ரம்பமும் உளியும் சீக்கிரம் மழுங்கும். உப்புத்தாள் போடும்போது வரும் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும், முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

ப்ளைவுட் மலிவு, நேராக நிற்கும். ஓரங்களில் அடுக்கு தெரியும், ஈரமும் அங்கேதான் ஏறும். வார்னிஷை ஓரத்துக்கு இரண்டு கை அதிகம் கொடுங்கள். எந்த மரமானாலும் வார்னிஷ் வாசனை முழுக்கப் போனபிறகுதான் பார்ட்ஸை உள்ளே வைக்க வேண்டும்.

மரப்பெட்டி தீப்பிடிக்காதா?

சூட்டினால் பிடிக்காது. மரம் பற்றிக்கொள்ள 250 டிகிரிக்கு மேல் வேண்டும். கம்ப்யூட்டருக்குள் மிகச் சூடான சிப் கூட 100 டிகிரியைத் தொடுவதற்கு முன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தாங்காவிட்டால் அணைந்துவிடும். பயப்பட வேண்டியது தளர்ந்த கனெக்டர், நசுங்கிய கேபிள், தரமில்லாத பவர் சப்ளை இந்த மூன்றுக்கும்தான். இவை இரும்புப் பெட்டியிலும் ஆபத்துதான், மரத்தில் ஆபத்து அதிகம். அதனால் பவர் சப்ளையை மரத்தில் மாட்டாதீர்கள், தகட்டில் மாட்டுங்கள்.

அக்ரிலிக், 3டி பிரிண்ட்?

அக்ரிலிக் பார்க்க அழகு. ஆனால் துளையின் ஓரத்தில் விரிசல் விடும், ஸ்க்ரூவை இறுக்க முடியாது. 3டி பிரிண்ட் செய்வதானால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரியிலேயே இளகும், கார்டுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணமாக வரும். பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் பயன்படுத்துங்கள்.

பின்பக்கத்தையும் மரத்திலேயே செய்தால் என்ன?

யுஎஸ்பி, எச்டிஎம்ஐ பின்கள் உள்ளே முழுதாகப் போகாது. போர்டோடு வரும் ஐ/ஓ தகடு (பின் சாக்கெட்டுகளைச் சுற்றி நிற்கும் மெல்லிய தகடு) சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் கவ்விக்கொள்ளும்படி செய்யப்பட்டது, 9 மி.மீ. மரத்தில் அது நிற்காது. அதற்கு வெட்ட வேண்டிய சன்னல் 158.75 × 44.45 மி.மீ. கோட்டுக்கு உள்ளே அரை மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேய்த்துச் சேருங்கள். இந்த வேலை உங்களுக்குக் கடினம் என்றால் அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் கொடுங்கள். அவர்களிடம் தகடும் இருக்கும், ஆங்கிளும் இருக்கும், ரிவெட் அடிக்கும் கருவியும் இருக்கும்.

பக்கத் தகட்டில் எவ்வளவு துளை வேண்டும்?

கடையில் துளைத் தகடு வாங்கும்போது துளையின் அளவை மட்டும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது துளைக்கும் துளைக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்து. குறுக்கு வரிசையில் அடித்த தகட்டில், 3 மி.மீ. துளை, ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையத்துக்கு 5 மி.மீ. என்றால் திறந்திருக்கும் பரப்பு 33 சதவீதம்தான். அதே 5 மி.மீ. தூரத்தில் 4 மி.மீ. துளை என்றால் 58 சதவீதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கார்டின் சூட்டில் வித்தியாசம் தெரியும். பாதிக்கு மேல் திறந்திருப்பதை வாங்குங்கள்.

கார்டின் ஃபேனும் ப்ராசஸரின் ஃபேனும் இந்தத் தகட்டுக்கு மிக அருகில் இருப்பதால் நேரடியாக வெளிக்காற்றையே இழுக்கும். சூடான காற்று வெளியேற மேல் பலகையில் ஒரு நீளச் சன்னல் வெட்டி அங்கேயும் துளைத் தகடு பதியுங்கள். அடியில் 15 மி.மீ. உயரத்துக்காவது ரப்பர் கால் வையுங்கள். இந்த அமைப்பில் தனி கேஸ் ஃபேனுக்கு இடமில்லை, 250 வாட்டுக்குள் நின்றால் அது பெரிய குறையும் இல்லை.

ரைசர் கேபிள் போட்டால் திரை வரவில்லை, அல்லது கேம் நடுவில் நின்றுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் கேபிள் பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) 3.0க்குச் செய்யப்பட்டது, கார்டும் போர்டும் 4.0 வேகத்தில் பேச முயல்கின்றன. பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில்) அந்த ஸ்லாட்டின் வேகத்தை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஜென் 3’க்கு மாற்றுங்கள். திரையே வராவிட்டால் கார்டை நேரடியாகப் போர்டில் செருகி, பயாஸில் மாற்றிவிட்டு, பிறகு ரைசரை மாட்டுங்கள். பெரும்பாலான ஆட்டங்களில் 3.0க்கும் 4.0க்கும் உள்ள வித்தியாசம் சொற்பம். கேபிளைக் காகிதம் மடிப்பதுபோல் மடிப்பு விழ மடிக்காதீர்கள், வளைவாக விடுங்கள்.

பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது. மரப்பெட்டிதானே?

எர்த் இல்லை என்று அர்த்தம். இதை ‘லேசாகத்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிக்க இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு தரைக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் உலோகப் பாகம் முழுவதும் 230 வோல்ட்டின் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளை அடிக்காது. ஆனால் உள்ளே வேறு ஏதாவது பழுதானால் காப்பாற்ற எதுவும் இல்லை.

பழைய கட்டடங்களில் பல சாக்கெட்டுகள் இரண்டு துளையோடுதான் இருக்கின்றன. மூன்று பின் பிளக்கை அடாப்டர் வைத்து அதில் செருகினால் எர்த் அங்கேயே அறுந்துபோகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் ஒரு சாக்கெட்டுக்காவது முறையான எர்த் இழுக்கச் சொல்லுங்கள். செய்யும் செலவிலேயே உருப்படியான செலவு இதுதான்.

மரப்பெட்டியில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. இரும்புப் பெட்டியில் எல்லா உலோகமும் தானாகத் தொட்டுக்கொண்டிருக்கும். இங்கே நடுத் தகடு, பின் தகடு, இரண்டு பக்கத் தகடுகள் எல்லாம் மரத்தால் பிரிந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பவர் சப்ளையின் உடலோடு ஒரு ஒயரால் இணையுங்கள். ஸ்க்ரூ போடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். கடைசியில் பிளக்கைச் சாக்கெட்டில் செருகாமல் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையைத் தகட்டிலும் வைத்துப் பாருங்கள். பீப் வர வேண்டும்.

எத்தனை வாட் பவர் சப்ளை?

மேலே சொன்ன பார்ட்ஸுக்கு நல்ல தரமான 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் போதும். லேபிளில் 100–240 வோல்ட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 200–240 என்றிருப்பது மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும்போது தடுமாறும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு பவர் சப்ளையின் மாட்யூலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிளை வேறொரு பவர் சப்ளையில் மாட்டாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டியும் போர்டும் ஒரு நொடியில் கருகும். அப்புறம், இடம் பற்றவில்லை என்று பவர் சப்ளையின் மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே கெபாசிட்டரில் 400 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணையாமல் இருக்க இன்வெர்ட்டர் போதுமா?

இன்வெர்ட்டரைப் பொறுத்தது. தரமான பவர் சப்ளை, கரண்ட் நின்றபிறகு 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ்’ என்று ஒரு நிலை இருந்தால் அதில் வையுங்கள், 10 மில்லிசெகண்ட் அளவில் மாறிவிடும். சாதாரண நிலையில் அதைவிட நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

‘ப்யூர் சைன்வேவ்’ இன்வெர்ட்டரா என்றும் பாருங்கள். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ஃபேனும் விளக்கும் ஓடும். இன்றைய பவர் சப்ளைகள் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும், ஏற்றாலும் உறுமும்.

எவ்வளவு நேரம் ஓடும்? 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் லெட் பேட்டரி காகிதத்தில் 1800 வாட்-அவர். பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் பாதிதான் எடுக்கலாம், 900. இன்வெர்ட்டரின் சேதாரம் போக சுமார் 765. கம்ப்யூட்டருக்கு 250, மானிட்டருக்கு 25 என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். அதே பேட்டரியில் 450 வாட் கம்ப்யூட்டர் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரமே ஓடும். அந்தப் பேட்டரியில்தான் வீட்டு மின்விசிறியும் ஓட வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. கரண்ட் இல்லாத நேரத்தில் ஃப்ரேம் எண்ணிக்கையை நொடிக்கு 60க்குக் கட்டிப்போடுங்கள், கார்டு இழுப்பது நன்றாகவே குறையும்.

திங்யான் (ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா) சமயத்து வெயிலை இந்தப் பெட்டி தாங்குமா?

தாங்க வேண்டும் என்றுதான் வாட்டிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: அறையின் சூடு ஒரு டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். வெளிநாட்டு விமர்சனங்களில் சோதனை செய்வது 21, 22 டிகிரி அறையில். ஏப்ரலில் நம் மாடி அறை 36 இருக்கும். அவர்கள் 70 என்று எழுதியிருந்தால் நீங்கள் 84 என்று படியுங்கள்.

அதைக் குறைக்கச் செலவில்லாத வழிகள் உண்டு. பயாஸில் ப்ராசஸரின் ‘ஈகோ மோட்’ (வாட்டைக் குறைக்கும் நிலை), கார்டின் பவர் வரம்பை 80, 85 சதவீதத்துக்கு இறக்குவது, வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பது. 15 சதவீதம் பவரைக் குறைத்தால் வேகம் அந்த அளவு குறையாது, பெரும்பாலும் விளையாடும்போது தெரியவே தெரியாது. கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காகத்தான் கார்டு அதிக வாட்டை விழுங்குகிறது. அரை மணி நேரம் கனமான ஆட்டம் ஓடிய பிறகு ப்ராசஸரும் கார்டும் 85க்குக் கீழே நின்றால் நிம்மதியாக இருக்கலாம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

தினமும் ஓடும் கம்ப்யூட்டருக்கு ஈரம் பெரிய பகை அல்ல, உள்ளிருக்கும் சூடே அதை விரட்டிவிடும். மே முதல் அக்டோபர் வரை ஓடாமல் கிடப்பதுதான் கெடும். ஊருக்குப் போவதானால் வீட்டில் இருப்பவரிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போட்டுவைக்கச் சொல்லுங்கள். இரும்புத் தகடானால் வெட்டிய ஓரம் எல்லாம் துருப்பிடிக்கும், பெயிண்ட் அங்கே கட்டாயம். அலுமினியம் என்றால் கவலையில்லை.

எறும்பு, பல்லி?

கேட்டது நல்லது. பெட்டியின் கதகதப்பு இரண்டுக்குமே பிடிக்கும். பல்லி போர்டின் அடியில் புகுந்தால் ஷார்ட் ஆகும். 4 மி.மீ. துளையில் பெரிய பல்லி நுழையாது. ஆனால் பின்பக்கம் கேபிள் வரும் இடத்தில் விடும் சந்து, காலியான ஸ்லாட், மூடாத மூலை, இவை வழியாக வரும். எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். எறும்புக்கு மேசையில் டீயும் பலகாரமும் வைக்காமல் இருப்பதே மருந்து. தூசிக்காகக் கொசுவலைத் துணியை உள்ளே ஒட்டலாம், ஆனால் அது காற்றையும் குறைக்கும். மாதம் ஒரு முறை தட்டிக் கழுவ முடியும் என்றால் மட்டும் போடுங்கள்.

பவர் பட்டனுக்கு என்ன செய்வது?

அழுத்தினால் ஒட்டி, விட்டால் பிரியும் எந்தச் சுவிட்சும் ஆகும். விளக்கு இல்லாத காலிங் பெல் பட்டன் கூட. இரண்டு ஒயர், எது எந்தப் பின்னில் போனாலும் சரி. எல்இடிக்கு மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஓடவிட்டுக் காட்டினால் மட்டும். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து அதை மைனிங் செய்வது (கணக்குப் போட்டு நாணயம் ஈட்டுவது) நின்றபோது, நாள் முழுக்க ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து விழுந்தன, அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சிப்பைவிட ஃபேன்தான் முதலில் தேய்ந்திருக்கும். கடையிலேயே இருபது நிமிடம் கனமான ஆட்டம் ஓட்டி, ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள், திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளி வருகிறதா பாருங்கள். பிறகு அளவு நாடாவை எடுத்துக் கார்டின் நீளத்தை அளங்கள். நம் பெட்டியில் 300 மி.மீ. வரைதான், இரண்டு ஸ்லாட் தடிமன்தான். இரண்டரை ஸ்லாட் கார்டு எவ்வளவு மலிவாக வந்தாலும் உள்ளே போகாது.

எல்லாம் வாங்கியாயிற்று. நேராகப் பெட்டியில் மாட்டிவிடலாமா?

வேண்டாம். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ரேம் போட்டு, கார்டை ரைசர் இல்லாமல் நேராகச் செருகி ஓடவிட்டுப் பாருங்கள். பவர் பட்டனுக்கான இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். பயாஸ் திரை வந்ததும் அணைத்துவிட்டு, அடுத்து ரைசரோடு ஒரு முறை. அதுவும் சரி என்றால் பெட்டிக்குள். சின்னப் பெட்டியில் ஒரு ரேமைக் கழற்றப் பாதிக் கம்ப்யூட்டரைப் பிரிக்க வேண்டியிருக்கும், அதனால் பழுது இருந்தால் வெளியிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

டிடிஆர்5 போர்டானால் முதல் தடவை திரை வரச் சில நிமிடம் ஆகலாம், ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும். பதறி அணைக்காதீர்கள்.

மோல்மேனுக்கு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். கார்டைக் கழற்ற வேண்டுமா?

கார்டின் பின் முனை தகட்டில் ஸ்க்ரூ போட்டு நிற்கிறது. முன் முனையையும் ஒரு சின்ன ஆங்கிளில் தாங்கியிருந்தால் கழற்ற வேண்டியதில்லை. கார்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் செருகி, பெட்டியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, மடியிலோ காலுக்கு நடுவிலோ வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் அடியில் சாமான் அறையில் போடாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் ஸ்பாஞ்சை எடுங்கள், ரைசரின் இரண்டு முனையையும் விரலால் அழுத்திப் பாருங்கள், அதற்கு அப்புறம் பிளக்கைச் செருகுங்கள்.